பரீட்சையில் தேறிய பிரஜை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குவீன்ஸ்டவுனில் மெய் லிங் ஸ்ட்ரீட்டில் குடியிருக்கும் நமது சங்க அன்பர் ஒருவரின் இல்லத்தில் சிறு விருந்து நடந்தது. பேரப்பிள்ளை குர்ஆனை ஓதி முடித்த மகிழ்ச்சிக்காக அழைத்திருந்தார். சாப்பாடு முடிந்து, தே குடித்துக்கொண்டு, வியாபார நிலவரம் பேசிக்கொண்டிருந்தோம். கடை வாடகை, நோட்டு மாற்று விகிதம், ஊரிலிருந்து வரவேண்டிய சரக்கு என்று பேச்சு வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டின் மூத்த பேரன் உயர்நிலை நான்கில் படிக்கிறான். பரீட்சை நெருங்கிவிட்டதால் மூலையில் புத்தகமும் கையுமாக இருந்தவன், நமது பேச்சில் அலுத்துப்போனானோ என்னவோ, எழுந்து வந்து கேட்டான்: "மாமா, இந்த ஊருக்குக் குவீன்ஸ்டவுன் என்று பெயர் வைத்தார்களே, அது எந்த ராணிக்காக?"

எட்டுப் பேர் இருந்தோம். ஐந்து பேர் விக்டோரியா மகாராணி என்றோம். இரண்டு பேர் வாய் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் இரண்டாம் எலிசபெத் என்றார். அவர் சொன்னதுதான் சரி. அந்த அம்மையார் 1953ல் முடிசூடியதை ஒட்டி வந்த பெயர் இது. பையன் விடவில்லை. "சிங்கப்பூரின் பிரதமரை நியமிப்பவர் யார்?" என்றான். "நாம்தான், ஓட்டுப் போட்டு" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அவன் சிரித்தான். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று தாம் கருதும் ஒருவரை அதிபர் நியமிக்கிறார் என்று விளக்கினான். கடைசியாக, "தேசிய உறுதிமொழியை எழுதியவர் யார்?" என்றான். யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் அவர்கள் 1966ல் எழுதியது அது. அந்த விடையை எட்டுத் தமிழர்களில் இரண்டு பேர்தாம் சொன்னோம்.

அங்கே இருந்த ஹாஜியார் ஒருவருக்கு, சிராங்கூன் சாலையில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர், ரோஷம் வந்துவிட்டது. "இதையெல்லாம் தெரியாமல் வளர்ந்ததுதான் நம் குற்றம். அமெரிக்காவில் சில மாநிலங்களில் குடியியல் பரீட்சையில் தேறினால்தான் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழே கொடுக்கிறார்களாம். இங்கேயும் அப்படிச் சட்டம் போடவேண்டும். தேறாதவனுக்குச் சான்றிதழ் கிடையாது என்றால், பயல்கள் படித்துத்தானே ஆகவேண்டும்?" என்றார். "அப்படியானால் முதலில் உங்கள் கடை லைசென்சைத் திருப்பிக் கொடுங்கள், ஹாஜியார்!" என்று ஒருவர் சொல்ல, வீடே சிரித்தது. ஆனால் விவாதம் அத்தோடு முடியவில்லை. இஷா தொழுகைக்குப் பின்னும் புளோக்கின் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தோம். அன்று பேசியதையும், பேச நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஹாஜியார் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அதைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அறியாமைக்கு நமது சமுதாயம் கொடுத்த விலை கொஞ்சமா? 1957ல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இங்கே பிறந்தவர்களுக்கு உரிமை தானாகவே கிடைத்தது. வெளியிலிருந்து வந்து பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள், விசுவாசப் பிரமாணம் செய்து பதிவு செய்துகொள்ள வழி திறந்தது. நம்மவரில் பலர் அந்த வாசல் வழியாகப் போகவில்லை. "நமக்கு எதற்கு இது? இரண்டு வருஷம் சம்பாதித்துவிட்டு ஊருக்குப் போகப் போகிறோம்" என்றார்கள். சிலர், காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் ஊரில் உள்ள வீடும் வயலும் போய்விடும் என்று பயந்தார்கள். எந்தக் காகிதம், என்ன உரிமை, என்ன கடமை என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. சொன்னாலும் வாசித்துப் பார்க்க எழுத்தறிவு இல்லை.

பிறகு என்ன நடந்தது? 1965ல் நாடு தனித்தது. அதே ஆண்டில் நிறைவேறிய வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பிரஜை அல்லாதவர் வேலை செய்ய வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆயிற்று. 1968ல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போவதாக அறிவிப்பு வந்தது. 1971க்குள் படைத்தளங்கள் பெரும்பாலும் காலியாயின. தளங்களை நம்பிப் பிழைத்த இந்தியத் தொழிலாளர்கள் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். இருபது, முப்பது வருஷம் உழைத்த ஊரை விட்டுப் போனார்கள். அவர்களில் எத்தனை பேர், பத்து வருஷத்துக்கு முன் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வரிசையில் நின்றிருந்தால் இங்கேயே இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. அந்த நாளில் அவர்களுக்குக் குடியியல் பாடம் நடத்த ஒரு பள்ளிக்கூடம் இருந்திருந்தால்? ஆகவே, நாட்டின் சட்டத்தையும் அமைப்பையும் அறிந்துகொள்வது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நாம் சொல்ல மாட்டோம். ஏழைக்கும் வந்தேறியவனுக்கும்தான் அது முதலில் வேண்டும்.

அறிவு வேண்டும் என்பதில் நமக்கும் ஹாஜியாருக்கும் வித்தியாசம் இல்லை. தேறாதவனை வாசலில் நிறுத்த வேண்டும் என்கிறாரே, அங்கேதான் நாம் பிரிகிறோம்.

இந்த நாட்டுப் பள்ளிகளில் ஒழுக்கத்தையும் குடிமையையும் பாடமாக்கிப் பார்த்தது இன்று நேற்று நடந்ததல்ல. 1967ல் உயர்நிலைப் பள்ளிகளில் குடியியல் பாடம் வந்தது. அதன்பின் பெயர்களும் பாடத்திட்டங்களும் பல முறை மாறின. அவற்றில் நம் வாசகர்கள் அவசியம் நினைவுகூர வேண்டியது 1984ஆம் ஆண்டு முயற்சி. கல்வி அமைச்சராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீ 1982ல் அறிவித்த திட்டம் அது. உயர்நிலை மூன்றிலும் நான்கிலும் சமயக் கல்வி கட்டாயம் என்றார்கள். இஸ்லாமிய சமய அறிவு, பைபிள் அறிவு, பௌத்தம், இந்து சமயம், சீக்கியம், கன்ஃபியூசிய ஒழுக்கம் ஆகியவற்றுள் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுத்துப் பரீட்சை எழுத வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் இஸ்லாமியப் பாடத்தை எடுத்தார்கள். பெற்றோர் மகிழ்ந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மதரஸாவில் மாலையில் ஓதியது காலையில் மார்க்காகவும் வந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் என்ன ஆயிற்று? சமயங்களுக்கிடையே போட்டியும் பிரச்சார வேகமும் வளர்வதாகக் கவலை எழுந்தது. எல்லாச் சமயங்களுக்கும் நடுவில் நிற்கவேண்டிய சர்க்கார், பள்ளிக்கூடத்தின் வழியாகச் சமயத்தை வளர்ப்பதுபோல் தோன்றக்கூடாது என்று 1989ல் முடிவு செய்தார்கள். கட்டாயம் நீங்கியது. 1992 முதல் குடியியல், நன்னெறிக் கல்வி என்று பரீட்சை இல்லாத பாடம் அந்த இடத்துக்கு வந்தது. ஆறு ஆண்டுகூட நிற்காத திட்டம் என்று சிலர் ஏளனம் செய்வார்கள். நாம் அப்படிப் பார்க்கவில்லை. நல்ல மனிதனை உண்டாக்கப் பரீட்சை வைத்துப் பார்த்து, வேறு விளைவு வருவதைக் கண்டதும், வீம்பு பிடிக்காமல் நிறுத்தினார்களே, அதுவே ஒரு குடியியல் பாடம்தான்.

இன்னொன்றையும் அந்த ஆண்டுகள் காட்டின. சமயப் பாடத்தில் மிக நல்ல மார்க் வாங்கிய பிள்ளை ஐந்து வேளை தொழுதான் என்றோ, குறைந்த மார்க் வாங்கியவன் தொழவில்லை என்றோ யாராவது சொல்ல முடியுமா? தொழுகையின் பர்ளுகள் எத்தனை என்று கேட்கலாம். நிய்யத்தை எந்தப் பரீட்சைத் தாளில் எழுதச் சொல்வது?

பிறகு மறுபடியும் கவலை வந்தது. 1996ல் பிரதமர் கோ சோக் டோங், இளைஞர்களுக்கு நாட்டின் சரித்திரமே தெரியவில்லை என்று ஆசிரியர் தினக் கூட்டத்தில் வருத்தப்பட்டார். 1997 மே மாதம் 17ஆம் தேதி, அப்போது துணைப் பிரதமராக இருந்த லீ சியன் லூங் தேசியக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2001ல் உயர்நிலை மூன்று, நான்கு வகுப்புகளில் சமூகக் கல்வி கட்டாயப் பாடமாகவும் பரீட்சைப் பாடமாகவும் ஆயிற்று. நமது பையன் அன்று மடியில் வைத்திருந்த புத்தகம் அதுதான். ஆக, ஹாஜியார் கேட்பதில் பாதி ஏற்கனவே இங்கே நடந்துகொண்டிருக்கிறது. மார்க் உண்டு, அந்த மார்க் மேற்படிப்புக்கான கணக்கில் சேரவும் செய்கிறது. இதில் மட்டும் தேறவில்லை என்பதற்காகச் சான்றிதழ் முழுவதையும் மறுக்கும் பூட்டு ஒன்றுதான் இல்லை.

அந்தப் பூட்டு உள்ள இடம் ஒன்றை நாம் எல்லோரும் அறிவோம். நமது தாய்த் தமிழ்நாடுதான். அங்கே பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் சமூக அறிவியல் என்ற பாடத்துக்குள் வரலாறு, புவியியல், பொருளியலோடு குடிமையியலும் இருக்கிறது. நூற்றுக்கு 35 வாங்க வேண்டும். ஒரு பாடத்தில் தவறினாலும் அந்தத் தடவை தேர்ச்சி இல்லை. அடிப்படை உரிமைகள், ஆளுநரின் அதிகாரம், தேர்தல் ஆணையத்தின் கடமை என்று பிள்ளைகள் விடிய விடிய உருப்போடுகிறார்கள். இப்படிப் படித்துத் தேறியவர்கள் லட்சக்கணக்கில் வாழும் மாநிலத்தில், 2016ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரண்டு தொகுதிகளின் தேர்தலையும், 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. காரணம், வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்தது. கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் எல்லோரும் எழுத்தறியாதவர்களா? ஓட்டுக்குப் பணம் வாங்குவது சரியா, தவறா என்று பரீட்சையில் கேட்டிருந்தால் அத்தனை பேரும் தவறு என்றுதான் எழுதியிருப்பார்கள். முழு மார்க்கும் கிடைத்திருக்கும்.

நாம் வியாபாரிகள். நமக்குத் தராசைப் பற்றித் தெரியும். சரக்கு நிறுத்து விற்கும் கடையில் உள்ள தராசைச் சோதித்து முத்திரை வில்லை ஒட்டுகிறார்கள். அந்த வில்லை இல்லாத தராசை வைத்து விற்பது குற்றம். அது நியாயமான சட்டம். ஆனால் வில்லை என்ன சொல்கிறது? இந்தத் தராசு ஒரு கிலோவை ஒரு கிலோவாகக் காட்டும் என்று சொல்கிறது. தட்டின் ஓரத்தில் கடைக்காரனின் சுண்டுவிரல் படுகிறதா இல்லையா என்பது வில்லைக்குத் தெரியாது. ஈரமான கொத்தமல்லியைத் தண்ணீரோடு நிறுப்பதும் வில்லைக்குத் தெரியாது. அதற்காகத் தராசுச் சோதனையே வேண்டாம் என்று நாம் சொல்வோமா? மாட்டோம். சோதனை செய்யுங்கள். ஆனால் வில்லை ஒட்டியாகிவிட்டது, இனி இந்தக் கடையில் மோசடி நடக்காது என்று எந்த அதிகாரியாவது வீட்டுக்குப் போய்த் தூங்கினால், அவரைப் பார்த்து மோசடிக்காரன்தான் முதலில் சந்தோஷப்படுவான்.

கட்டாயத் தேர்ச்சியில் நாம் காணும் முதல் ஆபத்து இதுதான். தேறிவிட்டான் என்று பள்ளிக்கூடம் கையைத் துடைத்துக்கொள்ளும். தேறிவிட்டான் என்று தகப்பன் கையைத் துடைத்துக்கொள்வான். டியூஷன் நிலையம் மாதிரி விடைகளை அச்சடித்து விற்கும். எது எப்படிக் கேட்டாலும், "பல இனத்தவரும் ஒற்றுமையாக வாழ்வதால்" என்று தொடங்கி நான்கு வரி எழுதப் பிள்ளை பழகிக்கொள்வான்.

ஒரு விஷயத்தை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பையனின் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தோம். ராணி பெயர் கேட்பதும் நியமிப்பவர் யார் என்பதும் அவன் நம்மை மடக்கக் கேட்டவை. உண்மையான பரீட்சைத் தாளில் அப்படி இல்லை. ஒரு பத்திரிகைச் செய்தி, ஒரு கேலிச்சித்திரம், ஓர் அமைச்சரின் பேச்சு, ஒரு சாமானியனின் கடிதம் ஆகியவற்றைக் கொடுத்து, இவற்றில் எது நம்பத்தக்கது, இருவர் சொல்வதில் எங்கே ஒற்றுமை, எங்கே வேற்றுமை, இவர் எதற்காக இதைச் சொல்கிறார் என்று கேட்கிறார்கள். இது நல்ல பயிற்சி. காலையில் எழுந்தவுடன் கைப்பேசியில் யாரோ அனுப்பியதை, யார் எழுதியது என்றுகூடப் பாராமல் பத்துப் பேருக்குத் தள்ளிவிடும் நமது பெரியவர்களுக்கு இந்தத் தாளைக் கொடுத்தால் எத்தனை பேர் தேறுவோம்? ஹாஜியாரின் அமெரிக்கப் பரீட்சையைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த அமெரிக்கச் சங்கதியையும் பார்த்துவிடுவோம். 2015 ஜனவரியில் அரிசோனா மாநிலம் முதன்முதலாக இப்படிச் சட்டம் இயற்றியது. அந்த நாட்டில் குடியுரிமை கேட்டு வருபவர்களுக்கென்று அப்போது வைத்திருந்த 100 கேள்விகளையே எடுத்து, உயர்நிலைப் பள்ளி மாணவன் 60க்காவது சரியாக விடை சொல்ல வேண்டும் என்றார்கள். பின்னால் பல மாநிலங்கள் இதேபோன்ற சட்டங்களைச் செய்தன. வந்தேறிக்குத் தெரிந்திருக்க வேண்டியது பிறந்த பிள்ளைக்கும் தெரிய வேண்டாமா என்பது அவர்கள் வாதம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்விகளும் விடைகளும் முன்கூட்டியே அச்சாகி வெளிவந்தவை. உருப்போட்டு ஒப்பிக்கலாம், பரீட்சை முடிந்த மறுநாள் மறக்கலாம்.

அதே அமெரிக்காவில் இன்னொரு பரீட்சையும் இருந்தது. தென் மாநிலங்களில் கறுப்பர்கள் வாக்காளராகப் பதிவு செய்யப் போனால், எழுத்தறிவுச் சோதனை என்று ஒன்றை வைத்தார்கள். மிசிசிப்பி மாநிலத்தில், அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து, பதிவு அதிகாரி திருப்திப்படும்படி அதற்குப் பொருள் சொல்லச் சொன்னார்கள். அதிகாரி வெள்ளையர். அவர் எப்போது திருப்திப்படுவார்? படித்த கறுப்பு ஆசிரியர்களும் தேறவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1965ல் வந்த வாக்குரிமைச் சட்டம்தான் அந்த வாசலை உடைத்தது. பள்ளிப் பிள்ளைக்கு வைக்கும் பரீட்சையும் அதுவும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. அது கயவர்கள் செய்த சூழ்ச்சி. இது நல்லவர்களின் ஆசை. ஆனாலும் வாசலில் பூட்டுப் போடும்போதெல்லாம் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: இந்தப் பூட்டினால் யார் வெளியே நிற்கப் போகிறார்கள்?

நமது ஊரில் யார் நிற்பார்கள்? ஆரம்பப் பள்ளியில் குணநலனும் குடியியலும் தாய்மொழி வகுப்பில், தமிழ் ஆசிரியரால், தமிழில் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. உயர்நிலையில் சமூகக் கல்வி ஆங்கிலத்தில். பரீட்சைத் தாளும் ஆங்கிலத்தில். வீட்டில் ஆங்கிலம் புழங்காத பிள்ளை, ஊரிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்து சேர்ந்த பிள்ளை, கையால் செய்யும் தொழிலில் கெட்டிக்காரனாக இருந்து கட்டுரை என்றால் நடுங்கும் பிள்ளை, இவர்கள்தாம் நிற்பார்கள். அவர்கள் நாட்டின்மேல் அன்பில் குறைந்தவர்களா? இல்லை. வாக்கியம் அமைப்பதில் குறைந்தவர்கள். ஆங்கிலத்தில் தவறினால் ஆங்கிலத்தில் தவறினான் என்று எழுதலாம். அதையே குடிமையில் தவறினான் என்று எழுதிக் கையில் கொடுப்பது எவ்வளவு பெரிய பழி!

இன்னொன்று. 1967 முதல் இந்த நாட்டில் தேசிய சேவை இருக்கிறது. பதினெட்டு வயதை ஒட்டி, உடல்நலம் உள்ள பிரஜையாகிய வாலிபன் சீருடை அணிய வேண்டும். அவனை அழைக்கும் கடிதத்தில், சமூகக் கல்வியில் உனக்கு என்ன மார்க் என்று யாரும் கேட்பதில்லை. தேறாதவன் வரவேண்டாம் என்றும் சொல்வதில்லை. மார்க் கேளாமல் துப்பாக்கியைக் கையில் கொடுக்கும் நாடு, மார்க் கேட்டு, நீ அரைகுறைப் பிரஜை என்று சான்றிதழை மறுக்கலாமா? கடமைக்கு எல்லோரும் வேண்டும், கௌரவத்துக்குத் தேறியவன் மட்டும் போதும் என்பது எந்த வியாபாரத்திலும் நியாயமான கணக்கல்ல.

வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே குடியுரிமை பெறுகிறவர்களுக்கே இந்த நாடு என்ன செய்கிறது என்று பாருங்கள். பிரிட்டனில் 2005 முதல் ஒரு பரீட்சை உண்டு. 24 கேள்விகளில் 18க்குச் சரியாக விடை சொன்னால்தான் மேலே போகலாம். லண்டனில் உறவினர் உள்ளவர்கள் அறிவார்கள். இங்கே 2011ல் சிங்கப்பூர்க் குடியுரிமைப் பயணம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். இணையத்தில் நாட்டின் வரலாற்றைப் படிக்க வேண்டும். குடியிருப்புப் பேட்டை மக்களோடு அமர்ந்து பேச வேண்டும். வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதைவிட, கையைப் பிடித்து வீட்டைச் சுற்றிக் காட்டுவது நல்லது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். வந்தவருக்குக் காட்டும் இந்தப் பண்பை, பிறந்த பிள்ளைக்குக் காட்டாமல் இருக்கலாமா?

கீழே நின்று பேசும்போது ஹாஜியார் ஒரு கேள்வி கேட்டார். "பரீட்சையும் வேண்டாம், பயமும் வேண்டாம் என்றால், பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித்தான் வரும்? நம் தகப்பனார்களுக்கு வந்ததா?" என்றார்.

வந்தது என்றும் சொல்லலாம். வரவில்லை என்றும் சொல்லலாம். 1964 ஜூலை 21ஆம் தேதி, மீலாது ஊர்வலத்தன்று மூண்ட கலவரத்தில் 23 பேர் மாண்டார்கள், 454 பேர் காயமுற்றார்கள். கேலாங் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த நம்மவர் ஒருவர், அன்று மாலை சரக்கு இறக்க வந்த சீனப் பையன் ஒருவனை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருத்தி, கடைக் கதவைச் சாத்திவிட்டு, ஊரடங்கு தளரும்வரை அவனுக்குச் சோறு போட்டுக் காத்தாராம். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். பிரதமரை யார் நியமிக்கிறார் என்று கேட்டால் விழித்திருப்பார். ஆனால் இதை மட்டும் சொல்லி, படிப்பே வேண்டாம், நல்ல மனம் போதும் என்று முடித்துவிட்டால் அதுவும் நேர்மையல்ல. அதே மாலையில் காதில் விழுந்த வதந்தியை அப்படியே அடுத்த தெருவுக்குச் சுமந்து சென்ற நல்ல மனிதர்களும் நமக்குள் இருந்தார்கள். அவர்களுக்கு, இதை யார் சொன்னது, எதற்காகச் சொல்கிறான் என்று கேட்கப் பழக்கிவிட ஒரு வாத்தியார் இருந்திருந்தால் உபகாரமாக இருந்திருக்கும். மளிகைக் கடைக்காரரின் கைநாட்டும் வேண்டும், இந்தப் பையனின் பாடப் புத்தகமும் வேண்டும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

ஆகவே ஹாஜியாருக்கு நாம் சொன்ன பதில் இது: பாடம் இருக்கட்டும். கேள்வியும் கேட்கட்டும். மார்க்கும் போடட்டும். எதில் குறைவு என்று தெரிந்தால்தானே மறுபடி சொல்லிக்கொடுக்க முடியும்? தேறாதவனை மறுபடி உட்காரவைத்து, வேண்டுமானால் அவன் மொழியிலேயே சொல்லிக்கொடுக்கட்டும். இதே குவீன்ஸ்டவுனில் 1970ல் திறந்த நூலகம் இருக்கிறது. இந்த நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம் என்ற பெயர் அதற்கு உண்டு. சனிக்கிழமைகளில் பிள்ளையை அங்கே அழைத்துப் போகட்டும். தகப்பனும் கூட உட்காரட்டும். பூட்டு மட்டும் வேண்டாம். ஹாஜியார் முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை. "பூட்டு இல்லாத கடையில் எவன் கவனமாக இருக்கிறான்?" என்று சொல்லிவிட்டுத்தான் டாக்சி ஏறினார். அந்த வாதத்திலும் கொஞ்சம் சத்து இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். மேலே வீட்டில், சிரிப்பெல்லாம் அடங்கியபின், அந்தப் பையன் ஹாஜியாரிடம் மெதுவாக இன்னொன்றும் கேட்டான். பல இனத்தவரும் வெளிநாட்டவரும் கலந்து வாழும் சமுதாயத்தைப் பற்றி அவன் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம், உதாரணம் தேடுகிறான். "மாமா, உங்கள் கடையில் ஊரிலிருந்து வந்து வேலை செய்கிற அண்ணன்மாருக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு?" என்றான்.

"மாதத்தில் இரண்டு நாள் கொடுக்கிறோமே" என்றார் ஹாஜியார்.

"வாரத்துக்கு ஒரு நாள் என்று சட்டத்தில் இருக்கிறதே, மாமா?"

"அவர்களுக்கே ஓவர்டைம் பணம்தான் வேண்டும். ஓய்வு வேண்டாம் என்கிறார்கள்."

"நீங்கள் கேட்டீர்களா?"

வீட்டுக்காரர் பேரனை அதட்டி உள்ளே அனுப்பினார். ஹாஜியார் ஒன்றும் சொல்லவில்லை. தேயைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார். எதிரே இருந்த நம்மில் எத்தனை பேர் கடையில் அந்தக் கேள்விக்குச் சரியான விடை இருக்கிறது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்காததில் எல்லோருக்கும் நிம்மதி.

சென்ற வாரம் ஒரு வேலையாகச் சிராங்கூன் சாலைப் பக்கம் போனபோது ஹாஜியாரின் கடைக்குள் நுழைந்தோம். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பேனாவால் எழுதிய நான்கு பெயர்கள், மூன்று பெயர்களுக்கு எதிரே ஒவ்வொரு கிழமை. நான்காவது பெயருக்கு எதிரே இன்னும் எழுதவில்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. பையனுக்குப் பரீட்சை எந்தத் தேதியில் என்று மட்டும் விசாரித்தார்.